ரேகைப் பூச்சி

மஞ்சுமுடி எஸ்டேட் மேல் டிவிஷனில், கொழுந்து பறித்துப் பறித்து விரல் ரேகை தேய்ந்துபோன பெண்களை ரேஷன் கடை மிஷின் யாரென்றே தெரியாது என்று சொல்லத் தொடங்கி, அழுத்தி வை, துடைத்து வை, இன்னொரு விரலை வை என்று கடைக்காரர் கருணாகரன் சொல்லிச் சொல்லி அலுத்து, பெண்களும் கேட்டுக் கேட்டு அலுத்து, வெறும் பையோடு மேடேறித் திரும்புவதும் மாதத்தில் ஒரு வேலை என்று ஆகிவிட்டிருந்த ஒரு மழைக்காலத்தின் கடைசியில், தொழிலாளர் லைன் வீடுகளின் வெள்ளைச் சுவர்களில் அந்தப் பூச்சிகள் வந்து உட்கார்ந்தன.

சின்னப் பூச்சிகள். இறகை மடித்துக்கொண்டால் பெருவிரல் நுனி அளவுக்கு மேல் இராது. சாம்பலும் பழுப்புமான இறகில் மெல்லிய கோடுகள் வளைந்து வளைந்து ஓடி, இரண்டு இறகும் சேரும் இடத்தில் ஒரு சுழியாக முடிந்தன. அந்தச் சுழி என்ன என்று முதலில் கண்டுபிடித்தது மாடத்தி. அவள் அதற்காக எதுவும் செய்யவில்லை. வரிசையில் நின்றவளின் தோளில் ஒரு பூச்சி ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. மிஷின் மூன்றாம் முறையாக அவளைத் தெரியாது என்று சிவப்பு விளக்கைக் காட்டியபோது அந்தப் பூச்சி எழுந்து பறந்து, விரல் வைக்கும் கண்ணாடிமேல் உட்கார்ந்து, இறகைத் தட்டையாகப் படிய வைத்தது. பச்சை விளக்கு எரிந்தது. மாடத்தி, பெண், என்றது மிஷின். கருணாகரன் மிஷினைப் பார்த்தார், பூச்சியைப் பார்த்தார், மாடத்தியைப் பார்த்தார். பின்னால் வரிசை நீளமாக இருந்ததால் அரிசியை நிறுக்கத் தொடங்கினார்.

"பாமாயில் உண்டா?" என்று கேட்டாள் மாடத்தி.

"அடுத்த வாரம்" என்றார் கருணாகரன்.

அடுத்த வாரத்துக்குள் மேல் டிவிஷனில் ஒவ்வொரு பெண்ணும் தன் பூச்சியைக் கண்டுபிடித்துவிட்டாள். டிபன் பாக்ஸில் வைத்துக் கொண்டுவந்தார்கள், மூடியில் ஓட்டை போட்ட மருந்து பாட்டிலில் கொண்டுவந்தார்கள், கொண்டையில் உட்கார வைத்துக்கொண்டு ஒன்றும் தெரியாதவர்களைப் போலவும் வந்தார்கள். பூச்சியைக் கண்ணாடிமேல் நகர்த்துவதற்குக் கருணாகரன் ஒரு கோழி இறகு வைத்துக்கொண்டார். கண்ணாடியில் படிந்த இறகுத் தூளை அவரவர் முந்தானையால் துடைத்துவிட்டுப் போக வேண்டும் என்று ஒரு ஒழுங்கு தானாகவே வந்தது. விசாரணைக்கு வந்த அதிகாரி ஒருவர் காலை முழுவதும் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, ரேகை அட்டைதாரருடையதாக இருக்க வேண்டும் என்றுதான் விதி சொல்கிறது, அது அட்டைதாரரின் விரலில்தான் இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை என்று சொல்லி, டீ குடித்துவிட்டுக் கீழே இறங்கிப் போனார். பொங்கலுக்குச் சுவரை வெள்ளையடிப்பதை லைனில் நிறுத்திவிட்டார்கள். கல்யாணமாகி வேறு எஸ்டேட்டுக்குப் போன பெண் மடியில் பூச்சி டப்பாவோடு ஜீப்பில் ஏறினாள். அவள் மாமியார், கொண்டுவந்த பாத்திரங்களைப் பார்ப்பதற்கு முன்னால் அந்த டப்பாவைத் திறந்து பார்த்தாள்.

ராசம்மாளின் பூச்சியைப் பல்லி பிடித்துவிட்டது. பல்லி வாயிலிருந்து பிடுங்கிய மிச்சத்தைக் கண்ணாடிமேல் வைத்துப் பார்த்தார்கள். மிஷின் தெரியாது என்றது. செத்த இறகை அது ஏற்கவில்லை. ராசம்மாளுக்கு வேறு பூச்சியும் வரவில்லை. அன்றிலிருந்து அவளுக்கு ஆளுக்கொரு கை அரிசி போட்டார்கள், மேல் டிவிஷனில் பல்லியைக் கண்டால் விளக்குமாற்றை எடுத்தார்கள்.

இதையெல்லாம் ஆவுடைச்செல்வி வாசல்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். தேயிலைக் காட்டு அந்துப்பூச்சிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்ய வந்தவள், கணவனை இழந்து தனியாக இருந்த சவரியம்மாள் வீட்டின் முன்னறையில் தங்கியிருந்தாள். நாலு பேர் நிற்கும் இடத்தில் ஐந்தாவதாகப் போய் நிற்கக் கூசுகிறவள். பூச்சி வேலை இல்லாத பகல்களில், பேச வேண்டியதில்லை என்ற ஒரே காரணத்துக்காக, சவரியம்மாளோடு காட்டுக்குப் போய்க் கொழுந்து பறித்தாள். செடி நிரையில் இறங்கிவிட்டால் எல்லோரும் கையைத்தான் பார்ப்பார்கள், முகத்தைப் பார்க்க மாட்டார்கள். இலைக் கறையும் ஊசியும் மருந்தும் சேர்ந்து அவள் விரல்களும் கறுத்துத் தடித்துப்போயிருந்தன.

சுவரில் இருந்தவற்றை லென்ஸ் வைத்துப் பார்த்து, படம் எடுத்து, புத்தகங்களோடெல்லாம் ஒப்பிட்டு, இந்த இனத்தை இதுவரை யாரும் எழுதவில்லை என்று உறுதியான அன்று அவள் சவரியம்மாளிடம்கூடச் சொல்லவில்லை. ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் பேராசிரியர் நல்லசிவனுக்கு மட்டும் செல்போனில் சொன்னாள்.

"ஒவ்வொண்ணுலயும் கோடு வேற வேற மாதிரி இருக்கே. ஒரே இனம்னு எப்படிச் சொல்ற?" என்றார் அவர்.

மனுசங்களும் அப்படித்தானே சார் என்று அவளுக்குத் தோன்றியது. "பார்க்கிறேன் சார்" என்றாள்.

"பார்த்துக்கிட்டே இருந்தா நாள் போயிரும். உனக்குக் கடைசி நீட்டிப்பு குடுத்தாச்சு. தை முடியறதுக்குள்ள கட்டுரை போகலேன்னா பதிவை ரத்து பண்ணிருவாங்க, என்னால ஒண்ணும் செய்ய முடியாது. ஒரு மூலமாதிரி போதும். ஆணா எடு. ஆண் உறுப்பைப் பார்த்துத்தான் இனத்தைப் பிரிப்பாங்க, தெரியும்ல?"

அவளுக்குத் தெரியும். புது இனம் ஒன்றுக்குப் பெயர் வைக்க வேண்டுமென்றால் அந்தப் பெயரைச் சுமக்க ஒரு பூச்சி சாக வேண்டும். அதை மூச்சடங்க வைக்கும் மருந்து பாட்டிலில் போட்டு, நெஞ்சில் ஊசி குத்தி, இறகை விரித்துக் காயவைத்து, வயிற்றுப் பகுதியை அறுத்து எடுத்துப் பார்த்து, பெட்டியில் வைத்துப் பூட்டினால்தான் பிறகு வருகிறவர்கள் அந்தப் பெயரைச் சொல்லி எதையாவது காட்ட முடியும். அந்த ஒன்றுக்கு மூலமாதிரி என்று பெயர். மற்ற ஊர்களில் அதற்கு ஒரு வலையும் ஒரு விளக்கும் போதும். மேல் டிவிஷனில் எந்தப் பூச்சியைத் தொட்டாலும் அது ஒரு வீட்டின் அரிசி.

தவிர, ஆண் பூச்சியே இல்லை. பின்னிறகின் அடியில் ஒற்றை முள்மயிர் இருந்தால் ஆண், கொத்தாக இருந்தால் பெண். வீடு வீடாக, சுவர் சுவராக, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு பார்த்தாள். எல்லாம் பெண். யோசித்துப் பார்த்தால் அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. கொழுந்து பறிப்பது பெண்கள் வேலை. ஆண்கள் மருந்தடித்தார்கள், செடியைக் கவாத்து வெட்டினார்கள், ஃபேக்டரியில் நின்றார்கள். அவர்களுடைய ரேகை விரலிலேயே இருந்தது. கூடை கட்டிக் கொழுந்துக்குப் போன ஆண் என்று மேல் டிவிஷனில் யாரையும் சொன்னதில்லை. சொன்னால் அவன் கீழ் டிவிஷனுக்கு வீடு மாற்றிக்கொண்டு போக வேண்டியிருக்கும்.

மார்கழிப் பனியில் ஒரு காலை, சவரியம்மாள் வீட்டு விறகு அடுக்குக்கு மேலே, சவரியம்மாளின் பூச்சிக்குப் பக்கத்தில், கொஞ்சம் சிறியதாக இன்னொன்று உட்கார்ந்திருந்தது. ஆவுடைச்செல்வி லென்ஸை எடுத்தாள். ஒற்றை முள்மயிர்.

செய்தி எப்படிப் பரவியது என்று தெரியவில்லை. அவள் சொன்னது, "அக்கா, இது ஆண்" என்ற மூன்று சொல் மட்டும்தான். மதியத்துக்குள் ரேஷன் கடை வாசலில் கூட்டம் கூடிவிட்டது. ஆண்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்து இழுத்து வைத்துப் பார்த்தார்கள்.

"எவன்டா அது, கூடை கட்டுனவன்?"

"உன் கையைக் காட்டு முதல்ல."

"என் கை கவாத்துக் கத்தி புடிச்ச கை."

"அதான் இவ்ளோ மெத்துனு இருக்கு போல" என்றாள் மாடத்தி. பெண்கள் பக்கம் சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

கருணாகரன் கோழி இறகால் பூச்சியைக் கண்ணாடிமேல் நகர்த்தினார். அது கொஞ்ச நேரம் காலை மாற்றி மாற்றி வைத்து, பிறகு இறகைத் தட்டையாகப் படிய விட்டது. பச்சை விளக்கு எரிந்தது. சூசை, ஆண், என்றது மிஷின்.

சூசை சவரியம்மாளின் கணவர். செத்து வருடங்கள் ஆகியிருந்தன. மருந்தடிக்கிற வேலை பார்த்தவர், சங்கக் கூட்டத்தில் சத்தமாகப் பேசுகிறவர், மீசைக்காரர். எல்லோரும் சவரியம்மாளைப் பார்த்தார்கள். அவள் முந்தானையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"எனக்கு நெஞ்சு நோவு வந்த வருசம்" என்றாள். "ரத்தமா கக்குனேன். ஆள் வரலேன்னா பேரை வெட்டிருவாங்க, பேரை வெட்டுனா வீட்டைக் காலி பண்ணச் சொல்லுவாங்க. அந்த மனுசன் மீசையை எடுத்துட்டு, இடுப்புல என் படங்குச் சாக்கைக் கட்டிக்கிட்டு, என் முக்காட்டை மூக்குவரைக்கும் இழுத்து விட்டுக்கிட்டு, மஞ்சு மூட்டத்துக்குள்ள இறங்கிப் பறிச்சாரு. அடைமழை. ஒரு ஆள் ஒரு ஆளுக்குத் தெரியாது. அந்த மழை முடியறவரைக்கும் நான் பாயில கெடந்தேன், அவரு சவரியம்மாளா இருந்தாரு. தன் வேலைக்குக் காய்ச்சல்னு சொல்லிட்டாரு."

மாடத்தி மட்டும் மெதுவாக முன்னால் வந்தாள்.

"நான் பக்கத்து நிரையில நின்னேன்" என்றாள். "அந்த மழை பூரா. நான் பேசுறேன் பேசுறேன், நீ உம்முன்னு வர்ற. என்ன கேட்டாலும் தலையை ஆட்டுற. எனக்கு வந்த கோவத்துக்கு அதுக்கப்புறம் ரெண்டு கிறிஸ்துமசுக்கு உன் வீட்டுப் பலகாரம் தொடலை நான்."

"தெரியும்."

"அது அந்தாளா?"

"ஆமா."

மாடத்தி பூச்சியின் பக்கம் திரும்பினாள். "என் மாமியாரைப் பத்தி என்னென்ன சொல்லியிருக்கேன்" என்றாள். "என் வீட்டுக்காரரைப் பத்தியும் சொன்னேனே. அய்ய."

"ஒண்ணுகூட எங்கிட்ட வந்து சொல்லலை அந்த மனுசன்" என்றாள் சவரியம்மாள். "கேட்டா, அது பொம்பளைங்க பேச்சு, உனக்கு எதுக்குன்னாரு."

செத்தவருக்கு அரிசி போடலாமா என்று ஒருவர் கேட்டார். யாரும் பேரை நீக்கச் சொல்லி எழுதித் தரவில்லை, மிஷின் போடச் சொல்கிறது என்று சொல்லிக் கருணாகரன் அரிசியை நிறுத்துப் போட்டார். அந்த அரிசியை ராசம்மாள் வீட்டில் கொண்டுபோய்க் கொட்டினாள் சவரியம்மாள். மறுநாளிலிருந்து மேல் டிவிஷன் ஆண்களில் இரண்டு மூன்று பேர், காலையில் முகம் கழுவும் சாக்கில் தங்கள் வீட்டுச் சுவர்களையும் ஒருமுறை உற்றுப் பார்த்துக்கொண்டார்கள்.

பூச்சிகள் இரண்டும் விறகு அடுக்குக்கு மேலே தினமும் வந்து உட்கார்ந்தன. இவ்வளவு சிறிய அந்துப்பூச்சி சில வாரம் உயிரோடு இருந்தாலே அதிகம் என்றுதான் ஆவுடைச்செல்வி படித்திருந்தாள். இவை சாகவில்லை. ஏன் என்று ஒருநாள் வாய்விட்டுக் கேட்டுவிட்டாள். "அரிசி வாங்கணும்ல" என்றாள் மாடத்தி. சவரியம்மாள் காலையில் காட்டுக்குப் போகும் முன்பு சுவரின் முன்னால் கொஞ்சம் நிற்பாள். நெஞ்சு நோவுக்கான மாத்திரையை அந்த இடத்தில் நின்றுதான் போட்டுக்கொள்வாள், போட்டுவிட்டேன் என்பதுபோல் வெறும் அட்டையைச் சுவர்ப்பக்கம் ஒருமுறை காட்டிவிட்டு எறிவாள்.

தை பிறந்தது. பேராசிரியர் தினமும் கூப்பிட்டார். ஆண் கிடைத்ததா என்று கேட்டார். தேடுகிறேன் சார் என்றாள். குரலில் என்ன இருந்ததோ, நானே ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றார்.

ஸ்பீக்கரில் போட்ட அந்தப் பேச்சு முன்னறையிலிருந்து அடுப்படிக்குக் கேட்டிருக்க வேண்டும். சவரியம்மாள் ஒரு சில்வர் டப்பாவோடு வந்து அவள் முன்னால் உட்கார்ந்தாள். மூடியைத் திறக்காமலே ஆவுடைச்செல்விக்கு உள்ளே என்ன என்று தெரிந்துவிட்டது.

"எடுத்துக்க பிள்ளை."

"வேண்டாம்க்கா."

"படிப்பு போயிரும்னு சொன்னாருல்ல. உங்கப்பா தறி போட்டுப் படிக்க வச்சிருக்காரு. இது செத்த மனுசன்தான. ரெண்டாவது தடவை சாகுறதுக்கு என்ன, பழக்கம் இருக்கும்." சிரிக்கப் பார்த்தாள், இருமல் வந்தது. "பொட்டிக்குள்ள பத்திரமா இருக்கும்னு சொன்னியே. பல்லிகிட்ட போறதுக்கு அது மேல்."

"பெட்டிக்குள்ள இருக்கும்க்கா. சுவர்ல இருக்காது."

சவரியம்மாள் டப்பாவை வைத்துவிட்டு எழுந்து போனாள். ஆவுடைச்செல்வி மருந்து பாட்டிலின் மூடியைத் திறந்தாள், மூடினாள். டப்பாவின் மூடியைத் திறந்தாள். பூச்சி வெளியே வந்து பாட்டிலின் கழுத்தில் ஏறி, அங்கிருந்து அவள் மணிக்கட்டில் ஏறி, இறகைப் படிய வைத்துக்கொண்டு உட்கார்ந்தது. மீசையில்லாத ஒரு ஆள் முக்காட்டுக்குள் உம்மென்று தலையாட்டுவதுபோல அவளுக்கு இருந்தது. பேசாமல் இருப்பது எப்படி என்று அவளுக்குத் தெரியும். அதில் எவ்வளவு வேலை இருக்கிறது என்பதும் தெரியும். கையை அசைக்காமல் நடந்துபோய் விறகு அடுக்கின்மேல் விட்டுவிட்டு வந்தாள்.

மறுநாள் காலை அவளுடைய செல்போன் அவள் பெருவிரலைத் தெரியாது என்றது. துடைத்து வைத்தாள், அழுத்தி வைத்தாள், இன்னொரு விரலை வைத்தாள். பிறகு எழுந்து கதவைத் திறந்து சுவரைப் பார்த்தாள். முன்னறைச் சன்னலுக்குக் கீழே, மற்றவற்றிலிருந்து கொஞ்சம் தள்ளி, ஐந்தாவதாக நிற்கக் கூசுவதுபோல ஒரு பூச்சி தனியே இருந்தது. செல்போனை அதன் பக்கத்தில் கொண்டுபோனாள். அது ஏறி உட்கார்ந்தது. செல்போன் திறந்தது. கொத்தாக முள்மயிர் இருந்தது. பெண்.

அவள் அதிக நேரம் யோசிக்கவில்லை. யோசித்தால் யாரிடமாவது கேட்க வேண்டியிருக்கும். மருந்து பாட்டிலை எடுத்தாள். பூச்சி முரண்டு பிடிக்காமல் உள்ளே போய், அடியில் உட்கார்ந்து, ஒருமுறை இறகை விரித்து மூடி, சாய்ந்தது. அவளுக்கு வலது பெருவிரலில் ஒரு சுருக்கென்ற வலி வந்து போயிற்று. இறகை விரித்துப் பலகையில் பொருத்தியபோது நடுவில் இருந்த சுழி இரண்டாகப் பிரிந்து இறகுக்குப் பாதியாகப் போனது. இனி அது சேராது. செல்போனை அதன்மேல் வைத்துப் பார்த்தாள். தெரியாது என்றது.

ஞாயிற்றுக்கிழமை பேராசிரியர் நல்லசிவன் வலையும் பாட்டிலுமாக ஜீப்பில் வந்து இறங்கியபோது, மேல் டிவிஷன் பெண்கள் எல்லோரும் சவரியம்மாள் வீட்டுச் சுவரில் முதுகைச் சாய்த்து வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். விறகு அடுக்குக்கு நேராக மாடத்தி நின்றாள். அவள் ஆள் அகலம்.

"ஏன் எல்லாரும் நிக்கிறீங்க, உக்காருங்கம்மா" என்றார் அவர்.

"வாரம் பூரா குனிஞ்சே நிக்கிறோம் சார். ஞாயித்துக்கிழமைதான் நிமிர்றோம்" என்றாள் மாடத்தி. "நீங்க உக்காருங்க. டீ குடிங்க. இது நாங்க பறிச்சது இல்ல, நாங்க பறிக்கிறது எங்களுக்கு வராது. கடையில வாங்குனது."

அவர் டீயைக் குடித்தார். ஆவுடைச்செல்வி மூலமாதிரியைக் காட்டினாள். லென்ஸ் வழியாக வெகுநேரம் பார்த்தார். நல்ல விரிப்பு என்றார். புது இனம்தான் என்றார். பிறகு, "ஆண்?" என்றார்.

அவள் பிறந்ததிலிருந்து ஆசிரியர் ஒருவரிடம் பொய் சொன்னதில்லை. நிஜமே குறைவாகத்தான் சொல்லியிருக்கிறாள். வரிசையில் இருந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். சவரியம்மாள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாடத்தியின் தோளுக்கு மேலே, சுவரில், ஒரு சிறிய சாம்பல் இறகு காலை மாற்றி மாற்றி வைத்து நகர்ந்து வெளியே வந்துகொண்டிருந்தது. மாடத்தி அதைப் பார்க்காமலே சாவகாசமாகக் கையைத் தூக்கிக் கொண்டையை அவிழ்த்துத் தோளில் விட்டாள்.

"கிடைக்கலை சார்" என்றாள் ஆவுடைச்செல்வி. "தேடிட்டேன். இல்லை."

"ஆண் இல்லாம பெரிய இதழ் எதுலயும் எடுத்துக்க மாட்டாங்களே."

"சின்ன இதழ்ல போடலாம் சார்."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். அவர் சொன்னதற்கு அவள் மறுபேச்சு பேசியது அதுதான் முதல் தடவை. வலையைப் பிரிக்காமலே ஜீப்பில் போட்டுக்கொண்டு, இருட்டுவதற்குள் மலை இறங்க வேண்டும் என்று கிளம்பினார். ஜீப் வளைவில் மறையும்வரை பெண்கள் சுவரைவிட்டு நகரவில்லை.

கட்டுரை தை முடிவதற்குள் போயிற்று. சின்ன இதழ் ஒன்று ஏற்றுக்கொண்டது. பதிவு ரத்தாகவில்லை. மாதம் பிறந்ததும் துறை அலுவலகத்தில் உதவித்தொகைக்காக விரல் வைக்கப் போனபோது மிஷின் அவளைத் தெரியாது என்றது. அழுத்தி வைங்க, துடைத்து வைங்க, இன்னொரு விரலை வைங்க என்றார் எழுத்தர். எல்லா விரலையும் வைத்துவிட்டு, பின்னால் இருப்பவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றாள். எப்படி நிற்க வேண்டும் என்பதை மேல் டிவிஷனில் அவள் நிறையப் பார்த்திருந்தாள். மதியம் யாரோ ஒரு அதிகாரியிடம் கையெழுத்து வாங்கி வந்தால் போதும் என்றார்கள். அடுத்த மாதமும் அப்படியே ஆயிற்று. அதற்கடுத்த மாதமும்.

இதழ் அச்சாகி வந்ததும் அவள் பஸ் ஏறி மஞ்சுமுடிக்கு வந்தாள். சாயங்காலம் ராசம்மாள், மாடத்தி, இன்னும் பலரும் விறகு அடுக்கைச் சுற்றி உட்கார, அதைத் தமிழில் சொல்லிச் சொல்லி வாசித்தாள். இறகின் நீளம், கோட்டின் நிறம், கண்ணின் அளவு, காலில் உள்ள மயிர். தங்கள் வீட்டு மாப்பிள்ளையைப் பற்றி யாரோ விசாரித்துச் சொல்வதைப்போல அவர்கள் ஒவ்வொன்றுக்கும் சரி என்று தலையாட்டினார்கள். பெயருக்கு என்ன செய்தாய் என்று கேட்டாள் ராசம்மாள். உங்கள் மலையின் பெயரைத்தான் வைத்திருக்கிறேன் என்றாள். அந்த மூலமாதிரி யாருடையது என்று ஒருத்தி கேட்டாள். ஆவுடைச்செல்வி பக்கத்தைப் புரட்டினாள். அவள் விரலை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்த சவரியம்மாள், பார்த்தது பார்த்தபடி அதைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

"கடைசியா என்ன போட்டிருக்கு?" என்றாள் மாடத்தி.

கடைசி வரியை ஆவுடைச்செல்வி வாசித்தாள். "ஆண்: இதுவரை அறியப்படவில்லை."

விறகு அடுக்குக்கு மேலே, சவரியம்மாளின் பூச்சிக்குப் பக்கத்தில், அது இறகைப் படிய வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"பக்கத்து நிரையில நின்ன எனக்கே தெரியலை" என்றாள் மாடத்தி. "அவங்களுக்கு எங்க தெரியப் போகுது."